மெயின் சுவிட்சை இறக்க யாருக்கு அதிகாரம்?

சென்னையில் 1878-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘தி இந்து’ நாளிதழ், 2015-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2-ஆம் தேதி காலையில் அச்சில் வெளிவரவில்லை. அதன் நெடிய சரித்திரத்தில் இப்படி நேர்ந்தது அதுவே முதல் தடவை என்று அப்போது எழுதினார்கள். மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்குச் சிப்பந்திகள் மழை வெள்ளத்தில் போய்ச் சேர வழியில்லாமற் போனதே அதற்குக் காரணம். யந்திரங்கள் எத்தனை விலையுயர்ந்தவையாக இருந்தாலும், கட்டடம் எவ்வளவு உறுதியாக எழுப்பப்பட்டிருந்தாலும், ஒரு தொழில் ஸ்தாபனம் என்பது முடிவில் அங்கே நாள்தோறும் வந்துபோகிற மனிதர்களே என்பதைச் சென்னை நகரம் அந்த ஒரு வாரத்தில் அறிந்துகொண்டதைப் போல் அதற்கு முன் அறிந்ததில்லை.

தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. டிசம்பர் முதல் தேதி இரவில் அடையாறு கரைமீறி, ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, கிண்டி ஆகிய பகுதிகளில் இருந்த நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகளுக்குள் புகுந்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் கடலோரமாக நகர்ந்துகொண்டே பொழிந்த மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை நாள்கணக்காகத் தண்ணீரில் கிடந்தது. முதல் வெள்ளத்தை எதிர்பாராத விபத்தென்று சொல்லி மனத்தை ஆற்றிக்கொள்ளலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இயற்கைச் சீற்றத்துக்குத் தொழிலகங்களை ஆயத்தம் செய்வது பற்றிப் பேச்செழும்போதெல்லாம் மணல் மூட்டை, மோட்டார் பம்பு, ஜெனரேட்டர், முதலுதவிப் பெட்டி என்று சாமான்களின் ஜாபிதா ஒன்று தயாராகிவிடுகிறது. அவை யாவும் வேண்டியவையே. ஆனால் வெள்ளம் கண்ட பட்டறைகளின் அனுபவத்தைப் பொறுமையாகக் கேட்டு வந்தால், சாமான் இல்லாமல் கெட்ட இடங்களைக் காட்டிலும், சாமானும் ஆளும் இருந்தும், இன்னது செய் என்று உத்தரவிட வேண்டியவர் அகப்படாமல் கெட்ட இடங்களே அதிகம் என்பது புலப்படும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் உதிரிப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு பட்டறையில் நான் கேட்டறிந்த விஷயம் இது. மிக்ஜாம் மழையின்போது இரவு ஷிப்டில் நான்கு பேர். வாசலில் ஒரு வாட்ச்மேன். நள்ளிரவுக்குப் பின் தெருவில் தண்ணீர் ஏறிவருவதைக் கண்ட அந்த வாட்ச்மேன், சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, “சார், தண்ணி கேட்டாண்ட வந்துடுச்சு, மெயின இறக்கிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறார். “மிஷின்ல ஜாப் ஓடிட்டிருக்குப்பா. மொதலாளிய ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கை வெக்காத” என்று பதில் வந்தது. முதலாளியின் வீடு இருந்த பகுதியில் கரண்ட் போய், செல்போன் கோபுரமும் செயலிழந்திருந்தது. சூப்பர்வைசர் விடாமல் முயன்றுகொண்டேயிருந்தார். அதற்குள் தண்ணீர் வாசற்படியைத் தாண்டி, கம்ப்யூட்டரால் இயங்கும் இரண்டு சி.என்.சி. யந்திரங்களின் அடிப்பாகத்தில் உள்ள சர்வோ மோட்டார்களை எட்டி, பின்புறத்து மின்பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே நனைந்த டிரைவ்கள் கருகின. கூரையருகில் இருந்த பரண்மீது ஏறி உட்கார்ந்திருந்த ஐந்து பேரும் உயிர்பிழைத்ததைத் தெய்வாதீனம் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

அதே பட்டறையில், அதே தண்ணீரில், பழைய லேத்துகளும் மூழ்கிக் கிடந்தன. கியர் பெட்டியின் எண்ணெயை இறக்கி, மண்ணெண்ணெய் விட்டு அலசி, புது எண்ணெய் ஊற்றி, மோட்டாரை மட்டும் கழற்றி ரீவைண்டிங் கடைக்கு அனுப்பி, சூட்டடுப்பில் உலர்த்தி, மெக்கர் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகு அவை மறுபடியும் சுழன்றன. சி.என்.சி. யந்திரங்களோ, கரண்ட் நிறுத்தப்பட்ட நிலையில் நனைந்திருந்தால் அவற்றின் மின்பலகைகளில் பலவற்றைக் கழுவி உலர்த்தியே மீட்டிருக்கலாம் என்று வந்து பார்த்த சர்வீஸ் எஞ்சினியர் சொன்னாராம். மாதத் தவணை கட்டி முடியாத யந்திரம் ஒன்று எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தாங்கி நிற்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு, அந்த ஒரு மணி நேரத் தயக்கத்தின் விலை விளங்கும்.

தயங்கிய வாட்ச்மேனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மெயினை இறக்கியபின் தண்ணீர் ஏறாமலே வடிந்துபோயிருந்தால், ஓடிக்கொண்டிருந்த ஜாப் கெட்டுப்போனதற்கும், டெலிவரி தவறியதற்கும் மறுநாள் காலையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருடைய சம்பளத்தில் எத்தனை மாதம் பிடித்தாலும் அந்த நஷ்டம் ஈடாகாது. நியாயமான பயத்தோடு ஒரு மனிதனை அபாயத்தின் வாசலில் நிறுத்திவைத்துவிட்டு, அவன் சமயோசிதமாக நடந்துகொள்ளவில்லையே என்று வருந்துவதில் அர்த்தமில்லை. சமயத்தில் எடுக்க வேண்டிய தீர்மானத்தைச் சமயம் வருமுன்னரே, மழையில்லாத ஒரு பகற்பொழுதில், முதலாளி தாமே எடுத்துக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். அபாயம் நேரும்போது அங்கே நிற்பவர் அதை நிறைவேற்றினாற் போதும் என்ற நிலை இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவது இதைத்தான்.

இதற்கு அத்தாட்சியாக நம் நாட்டு ரயில்வேயையே காட்டலாம். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைப் புயலில் பொங்கிய கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதில் இருந்தவர்களில் ஒருவரும் மீளவில்லை. ஊர் எல்லையில் சிக்னல் கிடைக்காமல் வண்டி நெடுநேரம் நின்றதென்றும், பிறகு டிரைவர் தம் பொறுப்பில் மெல்லச் செலுத்தத் துணிந்தார் என்றும் சொல்வார்கள். அந்த இருளில், அந்தக் காற்றில், ஒரு தனிமனிதர் எந்த முடிவை எடுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும் என்று இன்று உட்கார்ந்து விவாதிப்பது எளிது. பின்னாளில் பாம்பன் பாலத்தில் செய்யப்பட்ட ஏற்பாடு அந்த விவாதத்துக்கே இடமில்லாமற் செய்துவிட்டது. பாலத்தின்மேல் காற்றுமானி ஒன்றை நிறுவி, காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்பாகும்படி செய்தார்கள். அதற்குப்பின் ஸ்டேஷன் மாஸ்டரும் துணிய வேண்டியதில்லை, டிரைவரும் துணிய வேண்டியதில்லை. வண்டி தாமதமானதற்காக யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதுமில்லை.

முன்கூட்டி எடுத்த தீர்மானம் தெளிவில்லாமல் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானில் நெஞ்சை உலுக்கும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 2011 மார்ச் 11-ஆம் தேதி பிற்பகல் 2 மணி 46 நிமிடத்துக்குப் பூமி அதிர்ந்தபோது, ஓனகாவா என்ற கடலோரச் சிற்றூரில் ‘77 வங்கி’யின் கிளை ஒன்று இயங்கிவந்தது. நடந்தே ஏறிவிடக்கூடிய தூரத்தில் ஒரு குன்று இருந்தது. வங்கியின் அபாயகாலக் கையேட்டிலோ, குன்றோடுகூடக் கிளையின் மொட்டைமாடியும் ஒதுங்கும் இடமாக 2009-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டிருந்தது. கிளை மேலாளரின் உத்தரவுப்படி பதின்மூன்று பேர் மாடிக்கு ஏறினார்கள். அலை அந்த இரண்டடுக்குக் கட்டடத்தையே விழுங்கி உயர்ந்தது. கடலில் மிதந்து மீட்கப்பட்டவர் ஒருவர். மற்றப் பன்னிருவரும் மாண்டோ காணாமற்போயோ ஒழிந்தார்கள். அவ்வளவு பெரிய அலையை வங்கி முன்கூட்டி அறிந்திருக்க முடியாது என்று கூறிக் குடும்பத்தாரின் வழக்கை நீதிமன்றங்கள் தள்ளிவிட்டன. சட்டத்தின் அளவில் அது முடிந்த கதை. ஆயினும் இரண்டு இடங்களை ஒரே வரியில் எழுதி, எப்போது எது என்று சொல்லாமல் விட்ட ஓர் ஏடு, நேரம் குறுகிய வேளையில் சிரமமில்லாத இடத்தையே மனிதர்க்குக் காட்டும் என்ற பாடத்தை எந்தத் தீர்ப்பாலும் தள்ளிவிட முடியாது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து மேஃபீல்டு என்ற ஊரில், 2021 டிசம்பர் 10-ஆம் தேதி இரவு சூறாவளி மோதி மெழுகுவர்த்தித் தொழிற்சாலை ஒன்று நொறுங்கியது. உள்ளே சுமார் நூற்றுப்பத்துப் பேர் இருந்தார்கள், பலர் மாண்டார்கள். எச்சரிக்கை ஒலித்தபின் வீட்டுக்குப் போக அனுமதி கேட்டதாகவும், போனால் வேலை போய்விடுமென்று மேற்பார்வையாளர்கள் சொன்னதாகவும் பிழைத்தவர்கள் சிலர் கூறினார்கள். நிர்வாகம் அதை மறுத்தது. உண்மை எதுவாயினும், புறப்படலாமா என்ற கேள்வியும் சம்பளம் போய்விடுமோ என்ற கவலையும் ஒரே மூச்சில் எழும் நிலைமை நம் ஊர்த் தொழிலாளிக்கு அந்நியமானதல்ல. வானிலை ஆய்வு மையம் இருபது சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யக்கூடும் என்று சிவப்பு எச்சரிக்கை விடுக்கும் நாளில், வராதவர்க்கும் பாதியில் வீடு திரும்பியவர்க்கும் லாஸ் ஆஃப் பே கிடையாது என்று மழைக்காலம் பிறக்குமுன்னரே நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டால், அந்த ஒரு தாள் பத்து மோட்டார் பம்புகளின் வேலையைச் செய்யும்.

சட்டம் என்ன சொல்லிவந்தது என்று பார்ப்போருக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. போபால் விஷவாயு விபத்துக்குப்பின், 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-இல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அபாயகரமான ரசாயனச் செயல்முறை உள்ள ஆலைகள் அவசரகாலத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், உடனடி அபாயம் நெருங்குவதாகக் கருதும் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் எடுத்துச்சொல்ல உரிமை உடையவர் என்றும் அவை விதித்தன. எடுத்துச்சொல்லும் உரிமை பெரியதுதான். ஆனால் இரவு இரண்டு மணிக்கு யாரிடம் எடுத்துச்சொல்வது? அன்றியும், இருபது பேர் வேலை செய்யும் லேத் பட்டறையையோ, கார்மென்ட்ஸ் யூனிட்டையோ, குடோனையோ மனத்தில் வைத்து அந்தப் பிரிவுகள் எழுதப்படவில்லை. நம் மக்களில் பெரும்பாலோர் உழைப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான்.

இனி, பட்டறைக்குள் நுழைந்து பார்ப்போம். வெள்ளத்தில் ஆளைக் கொல்வது தண்ணீர் மட்டுமன்று, கரண்டும்தான். மெயின் சுவிட்ச் இருக்கும் பலகை இடுப்பளவு உயரத்தில் இருக்குமானால், தண்ணீரில் நின்றுகொண்டு அதை இறக்கப் போகிறவர் தம் உயிரைப் பணயம் வைக்கிறார். பலகையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அதன் அடியில் மரப்பலகை போட்ட மேடையும் ரப்பர் விரிப்பும் வைப்பது ஒரு நாள் கூலிக்குள் முடிகிற வேலை. ஜெனரேட்டரும் அப்படித்தான். இடக்குறைவினால் அதைத் தரைமட்டத்திலோ நிலவறையிலோ வைப்பது நம் வழக்கம். நியூயார்க்கில் 2012 அக்டோபர் 29-ஆம் தேதி சாண்டி புயல் வீசியபோது, ஒரு பெரிய மருத்துவமனையில் மாற்று மின்சாரம் செயலிழந்து, பச்சிளங் குழந்தைகள் உட்பட நோயாளிகள் சுமார் முந்நூறு பேரை இருளில் மாடிப்படி வழியே தூக்கி இறக்கினார்கள். ஜெனரேட்டர்களில் சில உயரமான தளங்களில் பத்திரமாகவே இருந்தன. அவற்றுக்கு எரிபொருள் அனுப்பும் பம்புகளுள் நிலவறையில் இருந்தவை தண்ணீரில் செயலற்றுப்போயின. மேலே வைத்தோம் என்று நிம்மதியடையுமுன், அதற்கு உணவு எங்கிருந்து வருகிறது என்று கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

முலாம் பூசும் பட்டறைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமிலக் கேன்களும் சயனைடு உப்பும் ஒரே வரிசையில், ஒரே தரைமட்டத்தில் இருந்தால், வெள்ளம் இரண்டையும் கலந்து நொடியில் உயிரைப் பறிக்கும் வாயுவை எழுப்பும். வெல்டிங் கடையில் கார்பைடு டப்பாவுக்குள் தண்ணீர் புகுந்தால் அசிட்டிலின் வாயு கிளம்பும். ஒரு தீப்பொறி போதும். காஸ் சிலிண்டர்களைச் சுவரோடு சங்கிலியிட்டுக் கட்டாவிட்டால், அவை மிதந்து சென்று வால்வு உடைந்து கிடக்கும். இவற்றையெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். எதை முதலில் தூக்குவது, எங்கே வைப்பது, யார் தூக்குவது என்பது மட்டும் எழுதப்படாமல் இருக்கிறது. யந்திரம் போனால் வேறொன்று வாங்கிவிடலாம், உயிரை வாங்க முடியாது என்பதால், ரசாயனமே முதலில் ஏற வேண்டும். அடுத்து டைகளும் டிராயிங்குகளும். மற்றவை அதன் பிறகு.

தண்ணீர் வடிந்த பிறகு நேரும் விபத்துகள் இன்னும் பரிதாபமானவை. நனைந்த ஜெனரேட்டரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தால், சிலிண்டருக்குள் தேங்கிய தண்ணீரால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அது பண நஷ்டம். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓட்டினாலோ, கரண்ட் பின்னோக்கி லைனில் பாய்ந்து, தெருக்கோடியில் கம்பம் ஏறி நிற்கும் மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடும்.

ஆள் கணக்கு எடுப்பதில் நம் பட்டறைகள் காட்டும் அலட்சியம் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. நிரந்தரச் சிப்பந்திகளின் பெயர் கம்ப்யூட்டரில் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளரின் பெயர்கள் காண்ட்ராக்டரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கும். அவர் அன்று வந்திருக்கமாட்டார். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் மாநிலங்களிலிருந்து வந்து, பட்டறைக்குப் பின்புறம் தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று சில இடங்களில் யாருக்குமே தெரியாது. ஏரி திறக்கப்போகிறார்கள் என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தமிழில் சொல்லிக்கொண்டு போவது அவர்கள் காதில் வெறும் சத்தமாகவே விழும். ஒவ்வொரு ஷிப்டு தொடங்கும்போதும், உள்ளே இருப்போர் அனைவரின் பெயரும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் வாட்ச்மேனிடம் இருக்க வேண்டும். எச்சரிக்கையை அவர்கள் மொழியில் சொல்ல அவர்களுள் ஒருவரையே முன்னதாகக் குறித்துவைக்க வேண்டும்.

போகச் சொல்வது போலவே, இருக்கச் சொல்வதும் சில வேளைகளில் அவசியமாகிறது. 2011 பூகம்பத்தன்று டோக்கியோவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் ரயில்கள் நின்று, வீடு திரும்ப முடியாமல் தவித்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம் என்று அந்நாட்டு அரசு மதிப்பிட்டது. அதன் பயனாக, 2013 ஏப்ரலில் டோக்கியோ மாநகரம் ஒரு கட்டளைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பெரும் விபத்து நேர்ந்தால் ஊழியர்களை அவசரமாகத் தெருவில் இறக்கிவிடாமல் பணியிடத்திலேயே தங்கவைக்க வேண்டும் என்றும், அதற்காக ஆளுக்கு நாள் ஒன்றுக்கு மூன்று லிட்டர் வீதம் தண்ணீரும், உணவும் மூன்று நாட்களுக்குச் சேமித்து வைக்க வேண்டும் என்றும் அது ஸ்தாபனங்களைக் கேட்டுக்கொள்கிறது. வேளச்சேரிச் சாலையில் மார்பளவு தண்ணீரில், மூடியில்லாத சாக்கடை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் நடந்துபோன பெண் ஊழியர்களை நினைத்துப் பார்த்தால், இரண்டாம் மாடியில் சில பாய்களும், தண்ணீர்க் கேன்களும், அவல் பொரி மூட்டையும், பூட்டில்லாத ஒரு கழிப்பறையும் எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்!

இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. முற்காலத் தீ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில், பிரீமியம் குறையும் என்பதற்காகப் புயல் வெள்ளப் பாதுகாப்பை வேண்டாமென்று விலக்கிக்கொள்ள இடமிருந்தது. விலக்கிக்கொண்டவர்களில் சிலர் 2015-இல் அழுதார்கள். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசி, ஒரே இடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துக்கு வெள்ளத்தையும் சேர்த்தே பாதுகாப்பு அளிக்கிறது. சர்வேயர் வந்து பார்க்குமுன் நனைந்த சரக்கை அள்ளிக் கொட்டிவிடக் கூடாது. சுவரில் தண்ணீர் நின்ற கறையோடு சேர்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

நான் முன்பு சொன்ன அம்பத்தூர்ப் பட்டறையில் இப்போது மெயின் பலகையின் அருகே ஒரு தாள், கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வாசற்சுவரில் தீட்டியிருக்கும் சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தொட்டதும், அங்கே இருப்பவர் யாராயினும், எவரையும் கேளாமல் மெயினை இறக்கலாம். அதனால் வரும் எந்த நஷ்டத்துக்கும் அவர் பொறுப்பாகமாட்டார் என்று தமிழிலும், இந்தியிலும், ஒடியாவிலும் எழுதி, முதலாளி கையெழுத்திட்டிருக்கிறார். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வாட்ச்மேனை அழைத்து, எல்லோரும் பார்க்க அந்த மெயினை இறக்கச் சொன்னாராம். அவர் கை நடுங்கிற்று என்றார்கள். மூன்றாம் தடவை செய்தபோது நடுங்கவில்லையாம்.

தனிப்பட்ட முதலாளிகளின் நல்லெண்ணத்தால் ஆகக்கூடியது இவ்வளவுதான். தொழிற்பேட்டைகளை அமைத்து மனைகளை ஒதுக்கிய சிட்கோ நிர்வாகமும், அங்கங்கே உள்ள உற்பத்தியாளர் சங்கங்களும் சேர்ந்து, ஒவ்வொரு தெருவிலும் 2015, 2023 ஆகிய ஆண்டுகளில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கம்பங்களில் குறித்து, அதையொட்டி ஒவ்வொரு பட்டறைக்கும் சிவப்புக் கோடு எங்கே வர வேண்டுமென்று அளந்து கொடுக்கலாம். பேட்டை முழுவதற்கும் கேட்கும் சங்கு ஒன்றை, அதை ஊதும் அதிகாரமுள்ள இருவரின் பெயரோடு, நிறுவலாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஆகஸ்டு மாதத்துச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த இரண்டு விஷயங்களையும் முதலாவதாக வைத்தால், அளந்து முடிக்கக் காலம் இருக்கும்.